பீச் ரிசார்ட்டா? முதலில் மேப்பைப் பாருங்கள்!

திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு மெரினா நடந்து போகும் தூரம்தான். ஆனாலும் லீவு என்றால் கோவளம், மாமல்லபுரம் பக்கம் ரிசார்ட் தேடுகிறோம். இணையதளத்தில் எல்லாமே ‘பீச் ரிசார்ட்’தான்! அங்குள்ள படங்களை மட்டும் நம்பி அட்வான்ஸ் கட்டக் கூடாது என்பேன்.

கூகுள் மேப்ஸில் ரிசார்ட்டின் பெயரை டைப் செய்து, சாட்டிலைட் காட்சிக்கு மாறுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே இருக்கிறதா, மேற்கேயா? மேற்கே என்றால், வண்டிகள் பறக்கும் அந்தச் சாலையைக் குழந்தைகளோடு கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். மேப்பின் மேல் மவுஸின் வலது பட்டனை கிளிக் செய்தால் தூரம் அளக்கும் வசதி வரும். அலை வரை அளந்துவிடுங்கள்.

கடலோரமாகவே இருந்தாலும் மணல் இருக்கிறதா என்று பாருங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டிப் பெரும்பாலும் பாறாங்கற்கள்தான். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களும் உண்டு. கடல் கரையை அரித்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.