நச்சுச் செடியில் ஒரு பந்தி

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு காலத்தில் கடலெனப் பரந்து கிடந்த புல்வெளியைப் பிரெய்ரி என்பர். அதன் பெரும்பகுதி இன்று உழுநிலம். அங்கே தானாக முளைக்கும் மில்க்வீட் என்னும் பூஞ்செடி நம் எருக்கின் உறவு. கிள்ளினால் வெண்பால் வடியும். அப்பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆடுமாடுகள் மிகுதியாகத் தின்றால் மடியும். ஆகவே உழவர் அதனைக் களையென்றே அழித்தனர். மாட்டைப் பறிகொடுத்த வீட்டின் துயரை அறிந்த நாம் அவர்களைப் பழிக்க மாட்டோம்.

ஆயினும் அந்த நஞ்சையே நம்பி வாழும் உயிர்கள் உள. மோனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சி வேறெந்த இனச் செடியிலும் தன் புழுக்களை வளர்ப்பதில்லை. சற்று வளர்ந்த புழு முதலில் இலை நரம்பைக் கடித்து அறுத்துப் பாலை வடியவிட்டு, அதன் பின்னரே உண்ணத் தொடங்கும். (அன்று பொரித்த குஞ்சுப் புழுக்களுள் பல அப்பாலில் ஒட்டியே மாண்டுபோவதும் உண்டு.) உண்ட நஞ்சு புழுவைக் கொல்லாது உடலில் தங்கி, சிறகு முளைத்த பின்னும் நிற்கிறது. அதனை விழுங்கிய நீல ஜே பறவை வாந்தியெடுத்து, மறுமுறை அந்தச் செம்மஞ்சள் சிறகை அணுகாது என்பதை 1960களில் லிங்கன் பிரவர் என்ற அறிஞர் ஆய்ந்து காட்டினார். விதையை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும், இலை தின்னும் செவ்வண்டும் இதே பந்தியில் அமர்ந்திருக்கின்றன. அவையும் நச்சுச் சிவப்பே உடுத்தியுள்ளன! தேனீக்களோ தேனுக்காக வருகின்றன; மகரந்தப் பொதி காலில் மாட்டிக்கொள்ள, வலுவற்றவை பூவிலேயே சிக்கி இறக்கின்றன.

இலையுதிர் காலத்தில் மோனார்க்குகள் மெக்சிக்கோ மலைக் காடுகளுக்குப் பறந்து செல்கின்றன. அவை வந்து சேர்வது நவம்பர் தொடக்கத்தில், சகல ஆத்துமாக்கள் திருநாளையொட்டி. மரித்தோரின் ஆன்மாக்களே திரும்பி வருவதாக அவ்வூரார் கருதி வந்தனர். ஆய்வாளர்கள் அவ்விடத்தைக் கண்டதோ 1975-இல்தான்.

களைக்கொல்லியைத் தாங்கும் மக்காச்சோளமும் சோயாவும் 1990களின் பிற்பகுதியில் வயல்களுக்கு வந்தன. பயிர் நின்றது, மில்க்வீட் மறைந்தது. 1996–97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேர் காட்டை மூடியிருந்த பூச்சிகள், 2013–14-இல் 0.67 ஹெக்டேரில் அடங்கிவிட்டன. மலைக்காடுகளை வெட்டியதும் வறட்சியும் இதற்குத் துணை போயின. இப்பொழுது அந்நாட்டில் பலர், பாட்டன்மார் பிடுங்கியெறிந்த செடியின் விதையை வாங்கி வீட்டு முற்றத்தில் விதைக்கின்றனர்.

மோனார்க்கின் நெருங்கிய உறவினம் ஒன்று நம் ஊர் எருக்கிலும் முட்டையிடுகிறது. கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் எருக்கு நின்றால், இலையைப் புரட்டிப் பார்க்குமாறு பிள்ளைகளிடம் கூறுங்கள். வரிவரியான புழு தென்படலாம். பார்த்தபின் கையைக் கழுவட்டும். எருக்கம்பால் கண்ணுக்கு ஆகாது.