நாமினி வேறு, வாரிசு வேறு

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவன் நான். 'ஒத்த பொருள் தரும் சொல்லை எழுதுக' என்று கேள்வி போட்டு, பிள்ளைகள் எழுதியதற்கு மார்க்கும் போட்டேன். ஒத்த பொருள் என்றால் ஒரே பொருள் இல்லை என்பதை மட்டும் அழுத்திச் சொல்லாமல் விட்டேன். அந்தக் குறை வகுப்பறையோடு நிற்கவில்லை.

குழித்துறையில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். மனைவியை இழந்தவர். ரிட்டயர் ஆன பணத்தை பேங்கில் டெப்பாசிட் போட்டபோது ஃபாரத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். 'நாமினி' என்று ஒரு கட்டம் இருந்தது.

"இது என்ன சாரே?"

"வாரிசு பேரு எழுதணும்."

"அப்ப மகன் பேர எழுதுங்க."

எழுதினேன். அவருக்கு இரண்டு பெண்மக்களும் உண்டு. அவர் காலமானதும் மகன் முழுப்பணத்தையும் எடுத்துக்கொண்டான். தங்கச்சிமார் கேட்டதற்கு, "அப்பா எனக்க பேரத்தானே எழுதி வச்சாரு" என்றான். இப்போது ஆடி அமாவாசைக்கு வாவுபலிக்கு வரும் அந்தப் பெண்கள், ஆற்றில் அப்பாவை நினைத்துக் கும்பிட்டுவிட்டு நேரே பஸ் ஏறிவிடுகிறார்கள். பிறந்த வீட்டுப் படி ஏறுவதில்லை.

தவறு என்னுடையது. நாமினி என்றால் பணத்தைக் கையில் வாங்க நியமிக்கப்பட்டவர், அவ்வளவுதான். அவரிடம் கொடுத்ததும் பேங்கின் பொறுப்பு தீர்ந்தது. வாரிசு என்றால் அந்தப் பணத்துக்கு உரியவர். வாங்குகிற கை ஒன்று, பங்கு பலருக்கு. சர்பதி தேவி வழக்கில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. மனைவியை நாமினியாகப் போட்டிருந்த இன்ஷூரன்ஸ் பணத்தில் தாய்க்கும் மகனுக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பு. 2023 டிசம்பரில் பங்குப் பத்திரங்களுக்கும் அதே சட்டம்தான் என்றது. ஒரு விலக்கு உண்டு. 2015-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, லைஃப் இன்ஷூரன்ஸில் பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். பேங்க் டெப்பாசிட்டுக்கு அந்த விலக்கு கிடையாது.

உயில் இல்லையென்றால், 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. நம்மூர் கிறிஸ்தவக் குடும்பங்களில் மகளுக்குக் குறைத்துக் கொடுத்த பழைய திருவிதாங்கூர் சட்டமும், 1986-ல் மேரி ராய் வழக்குத் தீர்ப்போடு போயிற்று.

"ஆங்கில வார்த்தையில இவ்வளவு நுணுக்கம் நமக்கு எதுக்கு?" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாஞ்சில் நாட்டுக்காரன் கேட்கக் கூடாத கேள்வி இது. மருமக்கள் வழிக் குடும்பத்தில் காரணவர் யார்? சொத்தைக் கையில் வைத்திருப்பவர். சொத்துக்கு உடையவர் அல்ல. அந்த வேறுபாட்டை மறந்த காரணவர்களால் பட்ட பாட்டைத்தானே கவிமணி மான்மியமாகப் பாடினார்? வைத்திருப்பவனுக்கும் உடையவனுக்கும் உள்ள தூரம் நம் பாட்டிமாருக்குத் தெரியும். படித்த நாம்தான் இரண்டையும் 'வாரிசு' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினோம். நாமினியை 'வாரிசுதாரர்' என்று எழுதும் பத்திரிகைக்காரர்களும், கவுண்டரில் அப்படியே சொல்லும் பேங்க்காரர்களும் இந்தப் பாவத்தில் பங்காளிகள். 'நியமனதாரர்' என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. அது வாயில் நுழையாவிட்டால் 'நாமினி' என்றே சொல்லுங்கள். தமிழ்ப்படுத்துகிறேன் என்று தப்புப்படுத்த வேண்டாம்.

"அப்பாவுக்கு மகனுக்கே கொடுக்க ஆசை இருந்திருக்கலாமே" என்கிறார்கள். இருக்கலாம். அப்படியென்றால் அதைச் சொல்ல உயில் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் போதும். ரிஜிஸ்டர் செய்தால் இன்னும் நல்லது. நாமினி கட்டம் உயில் ஆகாது.

2025 நவம்பர் 1 முதல் டெப்பாசிட்டுக்கு நாலு நாமினி வரை போடலாம். நல்ல வசதிதான். ஆனால் நாலு பேர் எழுதினாலும் வாங்குகிற கை நாலு ஆகுமே தவிர, உரிமையைத் தீர்மானிப்பது அந்த ஃபாரம் இல்லை.

என் வயதுக்காரர்களே, நாளைக்கே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். யார் பெயரை எழுதியிருக்கிறீர்கள், எதற்காக என்று பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். நான் ஒரு வீட்டைப் பிரித்தது போதும்.