அப்பன் சாமியாக இல்லாதவர்கள்

கெங்கவல்லியில் எங்க தெருவில் நடக்கும் இரவுப் பாடசாலைக்கு, ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருத்தன் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தான். ஆத்தூர் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. பெர்சி ஜாக்சன் கதை. ரிக் ரியார்டன் என்கிற அமெரிக்கர் எழுதி 2005 முதல் 2009 வரை ஐந்து பாகங்களாக வந்தது. உலகம் பூராவும் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்த தொடர். தினமும் கொஞ்சமாக அதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு வயதுப் பையன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக விரட்டப்பட்டவன். எழுத்து கண்முன்னே குதிக்கும், படிப்பு ஏறாது. தாய் மிட்டாய்க் கடையில் வேலை பார்த்து வளர்க்கிறாள். கடைசியில் பார்த்தால் அவன் கிரேக்கக் கடல் தெய்வம் பொசைடனின் மகன்! மூளை பழைய கிரேக்கத்துக்காகவே அமைந்திருப்பதால்தான் இங்கிலீஷ் எழுத்து தடுமாறுகிறதாம். வாசிக்கச் சிரமப்பட்ட தன் மகனுக்காக ரியார்டன் சொல்லத் தொடங்கிய கதை இது. அந்தத் தகப்பனின் அன்பை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் நான் மூன்றாவது படிக்கும்போது எழுத்து தடுமாறியதற்கு எனக்குக் கிடைத்த விளக்கம் வேறு. "உங்க ஜாதிக்கு இவ்வளவுதான்டா ஏறும், மாடு மேய்க்கப் போ." அதே தடுமாற்றம் அங்கே தெய்வப் பிறப்புக்கு அடையாளம், இங்கே இழிபிறப்புக்குச் சான்று. இரண்டு இடத்திலும் பிள்ளையை யாரும் பார்க்கவில்லை, பிறப்பைத்தான் பார்க்கிறார்கள்.

கதையில் தெய்வங்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு முகாம் உண்டு. பன்னிரண்டு தெய்வத்துக்கும் பன்னிரண்டு குடில். எந்தத் தெய்வமும் 'இது என் பிள்ளை' என்று சொல்லாத பிள்ளைகளை ஹெர்மஸின் குடிலில் நெருக்கி அடைத்திருப்பார்கள். இதைச் சொன்னதும் ஏழாவது படிக்கும் பொண்ணு கேட்டாள்: "அண்ணா, அப்பன் சாமியாவே இல்லாதவன் எங்க படுப்பான்?"

அவன் முகாமுக்குள்ளேயே வர முடியாது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் நானும் இப்படிப்பட்ட கதைகளில் வளர்ந்தவன்தான். 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவின் பழைய இதழ்கள், பேப்பர் கடைக்கு எடைக்கு வந்தவை, எனக்குக் கிடைத்தன. கிரேக்க இதிகாசங்களுக்கு நம்ம ஊர் கிரீடமும் பட்டும் உடுத்தித் தொடர்கதையாகப் போட்ட பத்திரிகை அது. ஒடிசியஸ் அதில் ரூபதரன். அவனோடு நானும் கடல் கடலாக அலைந்தேன். பெரியவனாகி இலியத்தைப் படித்தபோதுதான் இன்னொருத்தனைக் கண்டேன். தெர்சைட்டஸ். சாதாரணப் படைவீரன், கூனன். கொள்ளைப்பொருளெல்லாம் ராஜாவுக்கு, சாவு மட்டும் நமக்கா, வாங்கடா ஊருக்குப் போவோம் என்று சபையில் எழுந்து பேசியவன். செங்கோலால் அவன் முதுகில் அடித்து உட்கார வைத்தவன் யார்? என் ரூபதரன்தான். படையே சிரித்தது. வீரன் ஒவ்வொருவனையும் இன்னார் மகன் என்று சொல்லும் ஹோமர், இவனுக்குத் தகப்பன் பெயரே தரவில்லை.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? தேரோட்டி வீட்டில் வளர்ந்த கர்ணனின் வில்வித்தையை ஒத்துக்கொள்ள அவன் சூரியன் மகனாக வேண்டியிருக்கிறது. கட்டைவிரலை இழந்த ஏகலைவனைக்கூட விடவில்லை. அவனும் யாதவ குலத்தில் பிறந்து வேடர்களிடம் வளர்ந்தவன்தான் என்கிறது அரிவம்சம். நம்ம மதுரைவீரன்? காசி ராஜாவுக்குப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, சக்கிலியர் வீட்டில் வளர்ந்தான் என்பதே கதைப்பாடல் சொல்வது. 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படமும் அதையேதான் சொன்னது. வளர்த்தவர்களுக்குப் பால் கொடுக்கிற வேலை, பெத்தவனுக்குப் பெருமை. சேரியில் வீரம் இருந்தால் அது வேறெங்கிருந்தோ வந்து விழுந்ததாகத்தான் இருக்க வேண்டும்! அவன் அருந்ததியர் வீட்டிலேயே பிறந்தவன், ராஜா பின்னால் ஒட்டவைக்கப்பட்டவன் என்று நம் மக்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்.

அதனால் எங்க பாடசாலைப் பிள்ளைகள் போடும் மதுரைவீரன் நாடகத்தில் காசி ராஜா காட்சியை எடுத்துவிடலாம் என்றேன். தெருப் பெரியவர் ஒருவர் விடவில்லை. "ராசா மவன்னு சொன்னதாலதாண்டா அவனை மதுரைக் கோயில் வாசல்ல வச்சாங்க. அதையும் புடுங்கிட்டா சாமி எங்கடா நிப்பான்?"

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் தாத்தன்கள் அந்தப் பொய்யை ஒரு நுழைவுச் சீட்டாகப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் நின்றது வாசலில்தானே! மாறுகால் மாறுகை வாங்கப்பட்டபோது எந்தக் காசி ராஜா வந்தான்? கூட இருந்தது பொம்மியும் வெள்ளையம்மாளும்தான்.

பெர்சி கதையைக் கடைசி பாகம் வரை சொன்னேன். ஜெயித்தவனுக்குச் சாகாவரம் தந்து அவனையும் தெய்வமாக்குகிறோம் என்கிறார்கள். வேண்டாம் என்கிறான். அதற்குப் பதிலாக எல்லாத் தெய்வங்களும் தங்கள் பிள்ளைகளைப் பதின்மூன்று வயதுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், சின்னத் தெய்வங்களுக்கும் குடில் வேண்டும் என்று கேட்கிறான். இது எனக்குப் பிடித்தது. 2011 தேர்தலிலிருந்து எங்க ஊர் தனித்தொகுதி. ஒருத்தன் மேலே போவதற்கும் தெருவே எழுந்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குத் தெரியும். தனக்கென்று வந்ததை மறுத்துவிட்டு மற்ற எல்லோருக்காகவும் கேட்பதை நம் பிள்ளைகள் அவனிடம் கற்கட்டும்.

ஆனாலும் அவன் கேட்டது, அப்பன்களே, ஒத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அப்பன் சாமியாக இல்லாதவன் அப்போதும் வேலிக்கு வெளியேதான். குடிலைக் கூட்டிக் கட்டச் சொல்லவில்லை அம்பேத்கர், சாதியையே ஒழிக்கச் சொன்னார்.

தோழர்களே, மாணவர்களே, உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எந்த நாட்டுக் கதையையும் சொல்லுங்கள். ஆனால் 'நீ யாரு மவன்?' என்று கதை கேட்கும் இடத்தில் நிறுத்தி, இது எதற்குடா என்று அவர்களைக் கேட்க விடுங்கள். எங்க நாடகத்தில் இந்த முறை முதல் காட்சி காசி அரண்மனை இல்லை. செருப்புத் தைக்கும் வீடு. அங்கேதான் வீரன் பிறக்கிறான். அந்தப் பெரியவரையே வீரனின் அப்பனாக நடிக்கக் கூப்பிட்டிருக்கிறோம். இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்.