கார்டை மாற்றுவது ஆய்வு ஆகாது

வீட்டுக் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் திணறினால், கிராபிக்ஸ் கார்டை மாற்று என்பதே பலரின் உடனடித் தீர்ப்பு. நோயறியாமல் மருந்தளிக்கும் செயல் இது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020இன் டெவலப்பர் மோடு, தடை சிபியுவின் பக்கமா, கிராபிக்ஸ் கார்டின் பக்கமா என்பதைத் திரையிலேயே காட்டிவிடுகிறது. அதுவும் வேண்டாம், ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தாலே போதும். அப்போதும் நொடிக்கான பிரேம்கள் உயரவில்லையெனில், குற்றவாளி பெரும்பாலும் கார்டு அன்று.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துவைக்கும் பொழுதுபோக்காளரே உண்மையான ஆய்வாளர். டிரைவர், ஆட்-ஆன், செட்டிங்ஸ் அனைத்தையும் ஒரே இரவில் மாற்றிவிட்டுச் ‘சரியாயிற்று’ என்பவர், எது சரிசெய்தது என்பதை அறியார். ஆய்வகத்திலும் இதே பிழையைச் செய்து கட்டுரை எழுதுவோருக்கு, இந்த வீட்டு விமானியை எள்ளி நகையாட என்ன தகுதி இருக்கிறது?