தாக்கம் என்னும் ஒரு சொல்

சீனப் பேரரசர்களின் அரண்மனையில் விளைந்த எனாமல் கலங்களையும் பீங்கான்களையும் பார்த்து, “இவை ஐரோப்பியத் தாக்கத்தின் பயன்” என்று மேனாட்டார் சிலர் எழுதிவிடுகின்றனர். நம்மவரும் அதனை ஆராயாமல் ஒப்புகின்றனர். நாம் ஒப்புவதற்கில்லை.

ஐரோப்பியர் சென்றதை நாம் மறுக்கவில்லை. 1696-இல் ஸ்டும்ப் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் பீக்கிங்கில் அரண்மனைக்கெனக் கண்ணாடிப் பட்டறை அமைத்தார். 1719-இல் கிராவரோ என்னும் பிரெஞ்சுக்காரர் எனாமல் ஓவியராக அங்கு வந்து சேர்ந்தார். ஆனால், ஒன்பதே ஆண்டுகளில் நிகழ்ந்தது என்ன? 1728-இல், யோங்ஜெங் பேரரசரின் பட்டறை தனக்கு வேண்டிய எனாமல் வண்ணங்களைத் தானே ஆக்கியது. மேற்கிலிருந்து வந்தவற்றுள் இல்லாத புதிய நிறங்களையும் படைத்தது. இத்தாலிய ஓவியர் கஸ்டிலியோனே 1715 முதல் 1766-இல் மறையும் வரை பீக்கிங்கிலேயே வாழ்ந்தார். முகத்தில் படியும் நிழலை அரண்மனை விரும்பவில்லை. ஓவியரே தம் முறையை மாற்றிக்கொண்டார். ஏவியவர் யார்? பணிந்தவர் யார்?

மறுபக்கத்தையும் பார்ப்போம். பீங்கானின் மறை அறியாது பன்னெடுங்காலம் திகைத்த ஐரோப்பாவில், 1710-இல்தான் மைசென் ஆலை தோன்றியது. 1712-இலும் 1722-இலும் தாந்த்ரகோல் பாதிரியார் ஜிங்தெஜென் உலைகளின் செய்முறையை விரிவாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். முன்னதைக் கண்டுபிடிப்பு என்பர். பின்னதை அறிவுத் தேட்டம் என்பர். சீனர் கற்றால் மட்டும் அது ‘தாக்கம்’! இஃது எவ்வகை நீதி?

அச்சொல் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. 1747 முதல் சியன்லுங் பேரரசர் யுவான்மிங்யுவான் பூங்காவில் ஐரோப்பிய முறையில் மாளிகைகளும் நீரூற்றுகளும் எழுப்பினார். 1860-இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் அப்பூங்காவைச் சூறையாடின; ஆங்கிலப் படை அதற்குத் தீயிட்டது. அந்த நீரூற்றை அணிசெய்த வெண்கலத் தலைகளுள் இரண்டு, 2009-இல் பாரிஸில் ஏலத்திற்கு வந்தன. தாக்கம் என்றால் இதுவன்றோ தாக்கம்!

இனி நம்மையும் அதே தராசில் நிறுத்துவோம். சீனத்து நீலப் பீங்கானுக்குப் பதினான்காம் நூற்றாண்டில் பாரசீகத்துக் கோபால்ட் சென்றது. 1388-இல் எழுந்த சீன நூலொன்று, கம்பியிட்ட எனாமல் கலத்தை அரபு நாட்டுக் கலம் என்றே குறித்தது. செங்தெ பேரரசரின் (1506–1521) பீங்கான்களில் அரபு எழுத்துகள் உள்ளன. இவற்றைக் காட்டி, “எல்லாம் நாம் கொடுத்ததே” என்று நம் மேடைகளில் மார்தட்டுவோமானால், நாம் கண்டிக்கும் பிழையையே நாமும் செய்தவராவோம். நிறம் எங்கிருந்தும் வரலாம். மண்ணைப் பிசைந்து, உலையின் முன் வெந்து, கலத்தை உருவாக்கியவன் சீனத் தொழிலாளி.

கொடுத்தவனின் பெயரை மட்டும் எழுதி, உழைத்தவனை மறைக்கும் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டா.