ஏறிய மலைக்குக் கட்டணமா?

"மலை ஏறிப் பழகுவதற்குக் காசா? அந்தக் காசை எனக்குத் தாருங்கள், நான் தினமும் ஏறிக் காட்டுகிறேன்."

எங்கள் குடியிருப்பில் நடந்த கூட்டத்தில் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் இப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்தபின் ஒருவருக்கும் பதில் வரவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளை ஒருத்தி, காட்டிலும் ஆற்றிலும் நடக்கும் துணிகரப் பயிற்சி ஒன்றுக்குத் தெரிவாகியிருந்தாள். கட்டணம், பஸ் காசு, நல்ல சப்பாத்து ஆகியவற்றுக்கு ஊரில் பணம் சேர்க்கலாமா என்பதுதான் பேச்சு.

பணம் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. தோட்டங்களில் கோயில் திருவிழாவுக்குச் செக்ரோலில் சந்தா பிடித்தார்கள். மரண உதவிச் சங்கத்துக்கு மாதந்தோறும் கட்டினோம். சீட்டுப் பிடித்துக் கூரைத்தகடு வாங்கினோம். இவை எல்லாவற்றிலும் கொடுத்தவர் வீட்டுக்கும் ஒருநாள் ஏதாவது வந்து சேரும். ஒருத்தி பத்து நாள் கயிற்றில் தொங்கிவிட்டு வந்தால் மற்றவர்களுக்கு என்ன வரும்? அந்த அம்மா கேட்டது இதைத்தான்.

இத்தகைய பயிற்சி விளையாட்டாகத் தொடங்கியதல்ல. 1941இல், யுத்த காலத்தில், வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்ற கரையோர ஊரில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கியவர்கள் கேர்ட் ஹான் என்ற ஆசிரியரும் லோரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் கம்பனிக்காரரும். கப்பல் மூழ்கியபோது பலமுள்ள இளம் மாலுமிகள் உயிர்காப்புப் படகிலேயே மனம் தளர்ந்து மாண்டார்கள், வயதானவர்கள் தப்பினார்கள் என்று ஹோல்ட் கவலைப்பட்டாராம். ஆபத்தில் நிதானம் இழக்காமல் பக்கத்தில் இருப்பவரையும் காப்பாற்றப் பழக்குவதே அப்பள்ளியின் வேலை.

நம்மை விட இதன் தேவை யாருக்குத் தெரியும்? கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். போக இடமில்லாத மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி வந்தது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாயிருக்க வேண்டும், 100 என்றால் ஆயத்தமாக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. அந்த இரவில் மழையை அளப்பது யார்? நடக்க முடியாத பாட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த வழியால் இறங்குவது? முதலுதவி, கயிறு கட்டுதல், வரைபடம் பார்த்தல் ஆகியவற்றைத் தெரிந்த ஒரு பிள்ளையாவது ஊரில் வேண்டாமா? காணி கேட்பதை இதற்காக நாம் நிறுத்தப் போவதில்லை. அது வேறு கணக்கு.

இன்னொன்றும் உண்டு. சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணியிலிருந்து கடைச் சாமான்களை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களில் நமது பையன்களும் இருக்கிறார்கள். ஹற்றனிலிருந்து கீழே இறங்கினால் கித்துல்கலை. அங்கே களனி கங்கையில் படகு விடப் பணம் கட்டி வருகிறார்கள். சுமக்கத் தெரிந்தவனுக்குச் சான்றிதழ் இல்லாததால் அவன் சுமப்பவனாகவே நின்றுவிடுகிறான். டென்சிங் நோர்கேயும் 1935இல் வெள்ளைக்காரரின் எவரெஸ்ட் பயணத்தில் சுமைகாரராகத்தான் போனார். 1953இல் சிகரம் தொட்டார். அடுத்த ஆண்டு டார்ஜிலிங்கில், அதுவும் தேயிலைச் சீமைதான், மலையேற்றப் பயிற்சி நிலையம் திறந்தபோது அங்கே பயிற்றுவிப்பவர் ஆனார். அந்த நிலையத்தில் பயின்ற ஜயந்தி குரு உதும்பால 2016 மே 21இல் எவரெஸ்ட்டில் ஏறிய முதல் இலங்கையர். அவர் ஒரு பெண் என்பதை, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று கூட்டத்தில் முணுமுணுத்த அண்ணன்மார் கவனிக்கட்டும்.

ஆனால் சேர்க்கும் விதத்தில் நாங்கள் கண்டிப்பாக இருந்தோம். சம்பளத்தில் பிடிப்பது கூடாது. பிடித்த காசில் விருப்பம் இராது, பிறகு முணுமுணுப்புத்தான் மிஞ்சும். பட்டியலைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக் கடை கடையாய் ஏறுவதும் வேண்டாம். அகதி முகாமில் வரிசையில் நின்ற நாட்கள் போதும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக் கொழுந்துக்குப் போகிறவர்கள் விரும்பினால் ஒரு பங்கு தரலாம். தோட்டம் செய்பவர்கள் லீக்ஸ், கரட் தரலாம். இளைஞர்கள் அதைச் சந்தையில் விற்பார்கள். வரவு செலவைக் கடைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும், ஐந்து ரூபாயானாலும். போதாவிட்டால் வந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பயிற்றுவிப்போரில் பெண்கள் உண்டா, இரவில் எங்கே தங்குவது என்று பிள்ளையின் தாய் கேட்டதற்கு எழுத்தில் பதில் வந்த பிறகே கட்டணம் கட்ட வேண்டும். திரும்பி வந்தபின் ஆறு மாதம், மாதம் ஒரு ஞாயிறு, அவள் கற்றதை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

இரண்டு ஞாயிறுகள் போய்விட்டன. சுவரில் ஒட்டிய கணக்கின்படி கட்டணத்தில் பாதியைத் தாண்டியிருக்கிறது. சப்பாத்து இன்னும் இல்லை. முதல் கேள்வி கேட்ட அந்த அம்மா நூறு ரூபாய் கொடுத்தார். "கயிறு கட்டுவதை எனக்கும் காட்ட வேண்டும்" என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறோம்.