மருந்தும் மன்றாட்டும்



சென்ற மாதம் முதல் வெள்ளியன்று முத்தாண்டிக்குப்பத்தில் ஓர் இல்லத்திற்கு நற்கருணை கொண்டு சென்றோம். குடும்பத் தலைவர் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாயிருந்தவர். மனைவி முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குச் செல்பவர். கணவரின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தபோது, மனைவி தம்முடையவற்றுள் ஒன்றை ஈந்தார். புதுச்சேரியில் அறுவை நடந்து நான்கு திங்கள் ஆகியிருந்தன.

நற்கருணை வழங்கி முடித்ததும் கணவர் தயங்கியவாறே கேட்டார்: “சாமி, வேளாங்கண்ணித் தாய் என்னைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் மாத்திரையை நம்பியிருப்பது விசுவாசக் குறைவு அல்லவா?”

மனைவி ஒன்றும் பேசவில்லை. அடுப்படி வாசலில் நின்று முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நாட்களாக அவர் மாத்திரை உண்ணவில்லை என்பதைப் பிறகே அறிந்தோம். அன்றே அவரை மருத்துவரிடம் அனுப்பி வைத்தோம். இறையருளால் கேடு முற்றவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

உறுப்பு மாற்றத்தின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜோசப் மர்ரே என்னும் கத்தோலிக்க மருத்துவர், ரொனால்டு ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை அவருடைய சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். ரிச்சர்டு, தம்மைப் பராமரித்த செவிலியரையே மணந்து, இரு பெண் மக்களுக்குத் தந்தையாகி, எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். மர்ரேக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலோ, 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று சிகிச்சை வெற்றி கண்டது.

ஹெரிக் சகோதரர்கள் ஒரே கருவிலிருந்து தோன்றிய இரட்டையர். ஆகவே ஒருவர் உறுப்பை மற்றவர் உடல் அந்நியமென்று கருதவில்லை. கணவன் மனைவியர் நிலை அதுவன்று. திருமணத்தில் இருவரும் ஓருடலாகின்றனர் என்று திருச்சபை கற்பிக்கிறது. ஆனால் உடலின் காவற்படையான நோயெதிர்ப்பு ஆற்றல் அதனை அறியாது. வந்த உறுப்பைப் பகையென எண்ணித் தாக்கவே முனையும். அதனைத் தணித்து வைப்பவை அந்த மாத்திரைகள். உறுப்பு உழைக்கும் காலமெல்லாம் அவற்றைக் குறித்த வேளையில், குறித்த அளவில் உண்ண வேண்டும். நலமாயிருக்கிறோமென்று தாமே நிறுத்தினால், வெளியே தெரியாமலே உறுப்பு கெடக்கூடும்.

மருத்துவரையும் மருந்தையும் இறைவனின் கொடை என்று போற்றுகிறது சீராக்கின் ஞான நூல். ஆதலால் மாத்திரை உண்பது அவிசுவாசமன்று. இறைவன் தந்த கொடையைக் காப்பதே அது. நற்கருணை உபவாசத்தையும் மருந்து முறிப்பதில்லை என்பது திருச்சபைச் சட்டம்.

ஒரு வாரம் கழித்து மீண்டும் சென்றபோது உண்மை வெளிப்பட்டது. “ஒவ்வொரு மாத்திரையை விழுங்கும்போதும், இவள் உடம்பாலும் இவள் கூலியாலும்தானே உயிர் வாழ்கிறோம் என்று குன்றிப் போகிறேன், சாமி” என்றார் அவர். விசுவாசம் என்று அவர் பெயரிட்டது வெட்கத்தை. கொடுக்க அறிந்த ஆண்மகனுக்குப் பெற்றுக்கொள்ளத் தெரியவில்லை.

அப்போதுதான் மனைவி வாய் திறந்தார்: “நான் கடன் கொடுக்கவில்லைங்க. நீங்கள் முகம் கொடுத்துப் பேசாததுதான் எனக்கு வலிக்கிறது.”

நோயாளியை நலம் விசாரிக்கப் பலர் வருகின்றனர். ஈந்தவருடைய விலாப்புறத்திலும் ஒரு தழும்பு உண்டென்பதை யார் நினைக்கின்றனர்? அவருக்கும் ஓய்வு வேண்டும். ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். அவரையும் அன்புடன் விசாரியுங்கள். மேலும், சிகிச்சையின் தொடக்கத்தில் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பும், உறக்கம் கெடும், சினம் பெருகும். “என் கணவர் மாறிவிட்டார்” என்று மனைவி கலங்க வேண்டாம், மருத்துவரிடம் கூறுங்கள்.

பங்கு மக்களுக்கும் ஒரு சொல். இத்தகையோரை எளிதில் தொற்று பற்றும். சளி, காய்ச்சலுடன் அவர்களைக் காணச் செல்லாதீர்கள். முதல் சில மாதங்கள் அவர்கள் தேர்த்திருவிழா நெரிசலையும், பலர் கை நனைக்கும் தீர்த்தத் தொட்டியையும் தவிர்ப்பது நலம். ஞாயிறு திருப்பலிக்கு வர இயலாத நோயாளருக்குப் பாவமில்லை. சொல்லியனுப்பினால் நற்கருணை இல்லம் வரும். தவக்கால உபவாசமும் அவர்களைக் கட்டாது. பம்பளிமாஸ் பழம் சில மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். நாட்டு மருந்தோ மாத்திரைகளோடு முரண்படக்கூடும். மருத்துவரைக் கேளாமல் அன்பின் மிகுதியால் எதையும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

2000 ஆகஸ்டு 29 அன்று உரோமையில் உறுப்பு மாற்று மருத்துவர்களின் பன்னாட்டு மாநாட்டில் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உறுப்புக் கொடையை உண்மையான அன்பின் செயலாகப் போற்றினார். அன்பாகத் தரப்பட்டதைக் கடனாக எண்ணுவது, தந்தவரை வருத்துவதாகும். நம்மில் எவரும் விலை கொடுத்து மீட்பைப் பெறவில்லையே!

இப்பொழுது அவ்வில்லத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. இரவு செபமாலை முடிந்ததும் மனைவி மாத்திரையையும் கொதித்தாறிய நீரையும் நீட்டுகிறார். கணவர் சிலுவை அடையாளம் வரைந்து உண்கிறார். நோயிலும் பிரிவதில்லை என்று பீடத்தின் முன் தந்த வாக்கை, இருவரும் நாள்தோறும் இவ்வாறு புதுப்பிக்கின்றனர்.

உங்கள் இல்லங்களிலும் கொடுப்பவர் கணக்கு வையாமலும், பெறுபவர் குன்றிப் போகாமலும் வாழ இறைவன் அருள்வாராக.